கிணற்று மீனுக்குச் சோறு

கிருஷ்ணாயிலும் சவுக்காரமும் கலந்த வாசனை ஒன்று உண்டு. அது மூக்கில் ஏறுவதற்கு முன்னால் கண்ணில் ஏறிவிடும். ராயபுரத்தில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நாங்கள் குடியிருந்த பதினோரு வீட்டு லைனில், ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லாக் காலைகளும் அந்த வாசனையோடுதான் விடிந்தன. 'ஒர்க்‌ஷாப்பு துணி' என்று நாங்கள் சொன்ன, பட்டறை ஆட்கள் கூலி கொடுத்து வெளுக்கப் போடும், கிரீசும் கரியும் ஏறி அட்டை மாதிரி விறைத்துப்போன நீலச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் அம்மா முதலில் கிருஷ்ணாயில் என்கிற மண்ணெண்ணெயைத் தொட்டுத் தேய்த்து, பிறகு சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து, கிணற்றடியில் உட்கார்ந்தபடியே துவைப்பாள். துவைத்த தண்ணீர் கல்லிலிருந்து இறங்கி, வீடுகளின் பின்பக்கமாகப் போகிற மண் ஓடையில் சேர்ந்து, மேற்கொண்டு போக வழி தெரியாமல் அங்கேயே நிற்கும். வெயில் பட்டதும் அந்தக் கறுப்புத் தண்ணீரின் மேல் ஊதாவும் பச்சையும் மஞ்சளும் சுருள் சுருளாக அசையும். 'கலர் சாக்கடை' என்று அதற்குப் பெயர் வைத்து, குச்சியை விட்டுக் கலக்கி, யார் கலக்கிய கலர் பெரியது என்று போட்டி போடுவதுதான் நாங்கள் பல் தேய்க்கும் நேரத்து விளையாட்டு.

அம்மா உட்கார்ந்து துவைத்ததற்குக் காரணம் அவளுடைய இடது கால். நான் சின்னக் குழந்தையாக இருந்தவரை அவள் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டை வரை நடந்தே விற்றுவிட்டு வருகிறவளாம். எனக்கு மூன்று வயதோ நான்கு வயதோ ஆகும்போது காய்ச்சலும் நெறிகட்டலுமாக வந்து, கணுக்கால் வீங்கி, பிறகு எத்தனை மாத்திரை தின்றும் வீக்கம் வடியாமல் அப்படியே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில், இது கொசுவால் வந்தது என்று சொன்னார்கள். அம்மா அதை நம்பவே இல்லை. "கொசு இத்தினிகூண்டு கீது. காலு இம்மாம்பெருசு கீது. இன்னா கணக்கு இது?" என்பாள். கூடை தூக்க முடியாதவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று வேண்டியிருந்தது. கிணறு எங்கள் வாசலுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. என் அப்பா, நைனா, கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். காற்று சரியில்லாத நாட்களில் அவரும் கட்டுமரமும் ஒன்றுபோல மணலில் கிடப்பார்கள். அந்த நாட்களில் எங்களுக்குச் சோறு போட்டது அந்தக் கிணறுதான். தெருக்குழாயில் விடியலில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும், அதற்கும் வரிசையும் சண்டையும் உண்டு, அங்கேபோய்க் குடம் தூக்க அம்மாவின் கால் இடம் கொடுக்காது. கிணறு இருந்தால் அம்மாவுக்குத் தொழில் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. அடுப்பு எரிவதையும் எரியாததையும் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளின் கடைசியில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், மழை விட்ட பிறகு எங்கள் லைனில் வீடு வீடாகக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்த மாதிரி, குளிரும் நடுக்கமும். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வீட்டில் மூன்று பேர் ஒரே போர்வைக்குள் நடுங்கினார்கள். வேப்பிலையும் தேங்காய் நாரும் போட்டுப் புகை மூட்டினோம். கொசு போனதோ இல்லையோ, நாங்கள் வெளியே போய் உட்கார்ந்தோம். நைனா தம் பங்குக்கு ஒரு பழைய மீன்வலையை எடுத்து ஸ்டெல்லா அக்காவின் கைக்குழந்தைத் தொட்டிலுக்கு மேல் விரித்துக் கட்டினார். "இன்னா மாமு இது, இந்த ஓட்டைல கொசு இன்னா, காக்காவே பூந்து வரும்" என்று அக்கா சிரித்தாள். "கொசுவுக்குத் தெரியுமா அது மீன் வலைன்னு? வலைன்னு பாத்தா பயந்து பூடும்" என்றார் நைனா. அவர் விளையாட்டாகச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்பது எனக்கு அன்றும் புரியவில்லை.

காய்ச்சல் செய்தி எப்படியோ போய், சுகாதார ஆபீசிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். நீளக் கம்பின் முனையில் வெள்ளை எனாமல் கரண்டி ஒன்றைப் பொருத்தி வைத்திருந்ததால் அன்று முதல் அவர் எங்களுக்குக் 'கரண்டி சார்'. கம்பு எட்டாத இடத்துக்குக் கயிற்றில் கட்டி இறக்கி, கிணற்றுத் தண்ணீரை ஒரு கரண்டி மொண்டு எடுத்து எல்லாருக்கும் காட்டினார். வெள்ளைக் கரண்டிக்குள், நாங்கள் 'கூத்தாடிப் புழு' என்று சொல்லும் ஏழெட்டு நெளிந்தன.

"ஐயே! இத்தயா குடிச்சிகினு இருந்தோம்?" என்று ஸ்டெல்லா அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குடிச்சா ஒண்ணும் ஆகாது. இது வளந்து பறந்து வந்து கடிச்சாதான் காய்ச்சல். கிணத்தை மூடணும்" என்றார் அவர்.

லைனுக்குச் சொந்தக்காரர் அண்ணாச்சி. தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடையை விட்டு வந்தவர், கிணற்றையே எட்டிப் பார்க்காமல், "மூடிருவோம் சார். ஒரு சிலாப்பைப் போட்டு, நடுவுல அடிபம்பு ஒண்ணு வச்சிருவோம். எனக்கென்ன வந்திச்சு?" என்றார்.

அம்மா எழுந்திருக்கவில்லை, அவளால் சட்டென்று எழுந்திருக்க முடியாது. கையில் சோப்பு நுரையோடு இருந்த இடத்திலிருந்தே, "கெணத்த மூடுறதும் என் அடுப்ப அணைக்கிறதும் ஒண்ணுதான் சார். அண்ணாச்சி பம்பு வெக்கிறதுக்குள்ள என் புள்ளைக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணாச்சியும் சிரித்தார். கரண்டி சார் மட்டும் சிரிக்காமல் அம்மாவின் காலைப் பார்த்தார்.

மறுநாள் அவர் ஒரு தகர டப்பாவில் மீன் கொண்டுவந்தார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், சாம்பல் நிறம், வாய் மட்டும் மேல்நோக்கி இருந்தது. "இது புழுவைத் தின்னும். ஒரு மாசம் பாக்கறேன். கரண்டியில புழு வரலேன்னா கிணறு திறந்தே இருக்கட்டும். வந்துச்சுன்னா அப்புறம் என் கையில இல்லம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு டப்பாவைக் கவிழ்த்தார். "இங்க யாருக்குப் படிக்கத் தெரியும்?" என்று அவர் கேட்டதும் பத்துப் பதினைந்து கைகள் என்னை முன்னால் தள்ளின. அச்சடித்த காகிதம் ஒன்றை நான் உரக்கப் படித்தேன். தண்ணீரைத் தேங்கவிடாதே, தொட்டியை மூடிவை, சாக்கடையில் எண்ணெய் தெளி, கிணற்றில் மீன் விடு என்று அதில் இருந்தது. "வாத்தியாரு சோக்கா பட்ச்சாரு" என்று நைனா என் தலையைத் தட்டினார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால் அந்தக் காகிதம் சொன்னதற்கெல்லாம் இனி நான்தான் பொறுப்பு என்பதுபோல ஆகிவிட்டது.

நைனாவுக்கு அந்த மீன்கள்மேல் ஏற்பட்ட பிரியத்தை எப்படிச் சொல்வது? கடலில் உள்ள மீனுக்கெல்லாம் பெயரும் குணமும் சொல்லக்கூடியவருக்கு இதன் பெயர் தெரியவில்லை. பிடிக்காமல், விற்காமல், தின்னாமல், வெறுமனே பார்ப்பதற்கு ஒரு மீன் என்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கடலுக்குப் போகாத நாட்களில் கிணற்றுச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்தபடியே கிடப்பார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, "பாவம், கெணத்துல இன்னா கீது துன்றதுக்கு?" என்று சொல்லி ஒரு கைப்பிடிச் சோற்றை உள்ளே தூவினார். வாய்கள் மேலே வந்து மொய்த்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் கிறிஸ்துமஸ் அன்றுகூடப் பார்த்ததில்லை. மறுநாள் நெத்திலிக் கருவாட்டை அம்மியில் பொடித்துப் போட்டார். அதைப் பார்த்து ஸ்டெல்லா அக்கா புட்டு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் பிள்ளைகள் பன்னைப் பிய்த்துப் போட்டார்கள். அண்ணாச்சிகூட ஒருநாள் கடையில் பூச்சி விழுந்த ரவையைக் கொண்டுவந்து, "தின்னுட்டுப் போவட்டும்ல" என்று கொட்டிவிட்டுப் போனார். மீனைப் பிடித்துத் தின்றே தலைமுறைகளைக் கழித்த ஜனங்கள் ஒரு மீனுக்கு விருந்து வைக்க வாய்ப்புக் கிடைத்ததும் விடவில்லை.

மீன்கள் கொழுத்தன, குட்டியும் போட்டன. ஆனால் அம்மா இறைக்கும் வாளியில் கூத்தாடிப் புழுவும் வந்துகொண்டே இருந்தது. முதலில் பார்த்தவன் நான். அச்சடித்த காகிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். மீனுக்குச் சோறு போடு என்றும் இல்லை, போடாதே என்றும் இல்லை. காகிதம் எழுதியவருக்கு எங்கள் லைனைத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் பயந்துகொண்டே கேட்டேன். "வயிறு நிறைஞ்ச மீன் எதுக்குடா புழுவைத் தேடிப் போகும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அதைக் கொண்டுவந்து நைனாவிடம் சொன்னேன். அவர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னா பேசற நீ? காலி வயித்தோட எவன்டா வேலை செய்வான்? ஆர்பர்ல மூட்டை தூக்கறவன் நாஸ்தா துன்னாம ஒரு மூட்டை தூக்குவானா? மொதல்ல வயித்துக்கு, அப்புறம் வேலைக்கு. மீனுக்கு மட்டும் வேற சட்டமா?"

"புழுதான் நைனா அதுக்குச் சோறு. அதுவேதான் வேலை."

"சோறே வேலையாம், வேலையே சோறாம். இன்னாடா உன் பள்ளிக்கூடம்? தலையும் புரியல, வாலும் புரியல."

எனக்கும் அப்போது குழப்பமாகத்தான் இருந்தது. மூட்டை தூக்குகிறவரை நினைத்தால் நைனா சொல்வது சரி, மீனை நினைத்தால் ஆசிரியர் சொல்வது சரி. அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "சண்டைய உடு. அந்தாளு வர்ற அன்னிக்குக் கெணத்துல புழு இருக்கக்கூடாது. அவ்ளோதான்" என்று முடித்தாள்.

கரண்டி சார் வருவதாகச் சொல்லியிருந்த காலையில், அம்மாவும் நானும் வாளி வாளியாக இறைத்து, அவளுடைய பழைய சேலைத் துணியில் வடிகட்டி, புழுவைத் தரையில் உதறி, வடித்த தண்ணீரைத் திரும்பக் கிணற்றில் ஊற்றினோம். கிணற்றுத் தண்ணீரை வடிகட்டித் தீர்த்துவிட முடியும் என்று நினைத்ததை எண்ணினால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அம்மாவின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது, அவள் ஒரு காலில் எடையைப் போட்டு நின்றபடி கயிற்றை இழுத்தாள். நான் புழுக்களை எண்ணத் தொடங்கி நூற்றுக்கு மேல் விட்டுவிட்டேன்.

கரண்டி சார் வந்தார். லைன் முழுக்கக் கிணற்றைச் சுற்றி நின்றது. முதல் கரண்டியில் ஒன்றுமில்லை. அம்மா என் தோளைப் பிடித்தாள். இரண்டாவது கரண்டியிலும் ஒன்றுமில்லை, ஒரு மீன்தான் வந்தது. அதைக் கையில் விட்டுப் பார்த்தவர், "என்ன இவ்வளவு குண்டா இருக்கு? என்ன போட்டீங்க இதுக்கு?" என்றார்.

யாரும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கருவாட்டுப் பொடி சார். நெத்திலி. மேல வந்து வாங்கித் துன்னும். கொயந்த மாதிரி" என்றார்.

கரண்டி சார் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எங்களுக்கும் சிரிப்பு வந்து, தப்பித்தோம் என்று நினைத்த நேரத்தில், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுவரோரமாக, பாசி படிந்த மூலையில் மூன்றாவது கரண்டியை இறக்கினார். அது மேலே வந்தபோது எனக்கு எண்ணவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அம்மாவின் கை என் தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. அவர் யாரையும் பார்க்காமல் நோட்டில் எழுதினார்.

அந்த வாரமே சிலாப் வந்து உட்கார்ந்தது. நடுவில் பம்புக் குழாய்க்காகக் கைமுட்டி நுழைகிற அளவு ஓர் ஓட்டை விட்டு, மரக்கட்டையால் அடைத்தார்கள். பம்பு வரவில்லை, அம்மா சொன்னதுதான் நடந்தது. ஒர்க்‌ஷாப்பு துணி வேறு வீட்டுக்குப் போயிற்று. அம்மா இருந்த இடத்திலிருந்தே இறால் உரித்துக் கொடுக்கும் வேலைக்கு மாறினாள், அதில் விரல்கள் வெடித்தன. நைனா நாலைந்து நாள் சோறு இறங்காமல் இருந்தார். "நான்தான்டா கெடுத்தேன்" என்று என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார். "நீங்க பாவம் பாத்தீங்க நைனா" என்றேன். அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று தெரியாமல் என்னையே பார்த்தார். கொஞ்ச நாள் கழித்து, மரக்கட்டையை உருவிவிட்டு ஓட்டை வழியாக அவர் சோறு போடுவதைப் பார்த்தேன். உள்ளே இருட்டில் மீன் இருந்ததா, தின்றதா என்பது அவருக்கும் தெரியாது.

விஷயம் அதோடு நின்றிருந்தால், படிக்காததால் வந்த வினை என்று ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். ஆனால் ஒரு மாதம் போனதும் லைனில் கொசு குறையவில்லை, கூடியது. மாலையில் வாயைத் திறந்தால் கொசு. பின்பக்கத்து ஓடையில் இப்போது எங்கள் குளியல் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் மட்டுமே நின்றன, கலர் போயிருந்தது. குனிந்து பார்த்தால் தண்ணீரே அசைவதுபோல, அவ்வளவு கூத்தாடிப் புழு. அந்த ஓடையில் அதற்கு முன்னால் ஒரு புழுவைக்கூட நான் பார்த்ததில்லை. பல் தேய்த்துக்கொண்டு தினமும் அதைக் கலக்கியவன், எனக்குத் தெரியாதா?

பிறகு ஒருநாள் முதுகில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் தெருச் சாக்கடைக்கு எண்ணெய் அடித்துக்கொண்டு போனார். அவர் போன பின்னால் சாக்கடைமேல் ஊதாவும் பச்சையும் மஞ்சளும் சுருண்டன. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அதே வாசனை, அதே கலர்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். இறாலும் கையுமாக இருந்தவள் முதலில் சிரித்தாள். "அப்போ நான்தான் கொசு மருந்துக்காரியா இத்தினி வருசமா? சம்பளம் இல்லாத உத்தியோகம்!" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அத்த போய் அந்தாளுகிட்ட சொல்லு. நீ பட்ச்சவன்தானே. எழுதிக் குடு. கெணறு தெறந்தா சாக்கடைல கொசு இருக்காதுன்னு எழுது" என்றாள்.

என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் மனு அது. கோடு போட்ட தாளில், ஐயா அவர்களின் சமூகத்திற்கு என்று தொடங்கி எழுதி, கரண்டி சாரின் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். "நீயா கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். பிறகு தாளை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"பாரு தம்பி. கிணத்துக் கொசு வேற, சாக்கடைக் கொசு வேற. அந்தக் கொசுவால காய்ச்சல். இந்தக் கொசுவாலதான் உங்கம்மா கால். உங்கம்மா துவைச்ச தண்ணி இந்தக் கொசுவைத் தடுத்திருக்கலாம், நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா கிணத்துல புழு இருந்தது நிஜம். திறந்தா காய்ச்சல், மூடினா கால். நான் எதை எழுதட்டும், நீயே சொல்லு?"

ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் கொசுவை ஒழிக்கும் வழிகளை எழுதச் சொன்னார்கள். மூடுவது, மீன் விடுவது, எண்ணெய் தெளிப்பது என்று மூன்றையும் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். புத்தகத்தில் அவை மூன்றும் அடுத்தடுத்துச் சமாதானமாக உட்கார்ந்திருந்தன. எங்கள் வீட்டில் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. மனு கொடுத்துவிட்டுத் திரும்பிய அன்று, அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில், "நீ சொன்னது சரிதானாம், அம்மா. ஆனா தெறக்க முடியாதாம்" என்றேன். "சரின்னா ஏன் தெறக்க முடியாது?" என்று அவள் கேட்டாள். நான் அவள் உரித்துப் போட்ட இறால் தோலைக் கூடையில் அள்ளத் தொடங்கினேன்.

இப்போது நான் ஓர் ஆபீசில் எழுத்தராக இருக்கிறேன், திருவொற்றியூரில் குடியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்துக்குப் போய்வருகிறேன். மண் ஓடை சிமெண்டுக் கால்வாயாகிவிட்டது. கலர் சாக்கடை என்றால் லைன் பிள்ளைகளுக்குத் தெரியாது. கரண்டி சார் மாற்றலாகிப் போய் எத்தனையோ வருஷம். அண்ணாச்சியின் கடையை அவர் மகன் பார்க்கிறார். சிலாப்பின் மேல் சைக்கிள்கள் நிற்கின்றன, ஸ்டெல்லா அக்கா வடாம் காயவைக்கிறாள். அம்மாவின் கால் அப்படியே இருக்கிறது.

போன மாதம் லைனில் மறுபடியும் குளிர்காய்ச்சல். சிலாப்பில் பம்புக்காக விட்ட அந்த ஓட்டை வழியாகத்தான் கொசு வருகிறது என்று அம்மா சொன்னாள். "அத்த அடைச்சுடு. நீ சொன்னா உங்க நைனா கேப்பாரு." நைனா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், கண் மங்கிவிட்டது. "உள்ள மீனு கீதுடா" என்றார். பதினைந்து வருஷம் ஆகப்போகிறது நைனா என்றேன். "அதுங்க குட்டி போடாதா? நீதான பட்ச்சவன், சொல்லு" என்றார். நான் ஓட்டையில் காதை வைத்துக் கேட்டேன். ஈரக் காற்றுதான் வந்தது. பிசைந்து வைத்த சிமெண்டு கையிலேயே இறுகத் தொடங்கியது. கடைசியில், கொசுவும் வராமல் மீனுக்குக் காற்றும் போகும்படி இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, மிக நெருக்கமான கம்பிவலை ஒன்றை வாங்கிவந்து, ஓட்டைமேல் வைத்து, விளிம்பில் சிமெண்டு பூசிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு போனபோது, வலையின் நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக் கம்பிகள் விலக்கப்பட்டிருந்தன. ஒரு கம்பியில் சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, இன்னும் காயாமல்.